இலையுதிர்காலத்துக்குக் குறைந்த செலவில் பூச்சாடிகள் அமைப்பது எப்படி? (ஸ்காபரோ, வாடகை வீடு)

படிக்கட்டுத்தோட்டம் எழுதியது, செப்ரெம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நிலத்தில் எதையும் நடுவதற்கு வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை என்பதால், முன்வாசலில் உள்ள மூன்று படிகளும் பின்புறத்தில் எட்டடிக்கு ஆறடி அளவில் உள்ள மரத்தளமும்தான் எனது தோட்டம். கோடையில் தக்காளி, மிளகாய், மரிகோல்ட் ஆகியவற்றை அங்கே சாடிகளில் வளர்த்தேன். தக்காளிச் செடிகள் இப்போது அடியிலிருந்து மஞ்சளாகி வருகின்றன. இன்னும் இரண்டு வாரங்களில் அவற்றைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு இதே காலத்தில் ஒரு பெரிய கடைக்குச் சென்று, பூத்துக் குலுங்கிய மூன்று செவ்வந்திச் சாடிகளை வாங்கி வந்து படிக்கு ஒன்றாக வைத்தேன். நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பூக்களைக் கடந்து உள்ளே வர வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் செப்ரெம்பர் முடிவதற்குள்ளேயே மூன்றும் பழுப்பு நிறமாகிவிட்டன. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் விருந்துக்கு மாமியார் வந்தபோது, காய்ந்த மூன்று புதர்களை அவசரமாக மரத்தளத்தின் மூலைக்கு இழுத்துச் சென்று மறைத்து வைத்தேன்.

இந்த ஆண்டு 60 டொலருக்கு மேல் செலவழிக்க முடியாது. செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து பனி கொட்டத் தொடங்கும் வரை நிற்கக்கூடிய செடிகள் எவை? கோடையில் பயன்படுத்திய மண்ணையே மீண்டும் பயன்படுத்தலாமா? சாடிகளைப் புதிதாக வாங்காமல் சமாளிக்க முடியுமா? முன்வாசல் மேற்குப் பார்த்தது; பிற்பகலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வெயில் விழும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாற்றுமேடை எழுதியது, செப்ரெம்பர் 3

அன்புத் தங்கைக்கு, பூக்கன்றுகள் வளர்த்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பசுமைக்குடிலில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சென்ற ஆண்டு உங்கள் செவ்வந்திகள் காய்ந்ததற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் இல்லை. அவற்றை வாங்கும்போதே அவற்றின் பூக்காலத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது.

செவ்வந்தி இரவின் நீளத்தை உணர்ந்து பூக்கும் செடி. இரவு நீண்டால்தான் அது மொட்டுக் கட்டும். கோடை முடிவதற்கு முன்பே கடைக்குப் பூக்கள் வர வேண்டும் என்றால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே செடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, இரவு வந்துவிட்டதாக அவற்றை நம்ப வைப்போம். அப்படி வளர்ந்த செடி, கடை வாசலில் முழுவதும் விரிந்து நிற்கும் நாளில், வாங்குபவரின் கண்ணுக்கு மிக அழகாகவும் வாழ்நாளின் இறுதிக் கட்டத்திலும் இருக்கிறது. செப்ரெம்பர் தொடக்கத்து வெயில் அந்தப் பூக்களை இன்னும் விரைவாக முடித்துவிடும். ஆகவே செப்ரெம்பர் நடுப்பகுதிக்குப் பின்னர் வாங்குங்கள். பத்தில் ஒரு மொட்டு மட்டும் நிறம் காட்டும் செடியாகத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட செடி கடையில் பச்சைப் புதர் போலத்தான் தெரியும்; ஆனால் வீட்டுக்கு வந்து நான்கு வாரங்கள், குளிர்ந்த ஆண்டாக இருந்தால் ஆறு வாரங்கள்கூடப் பூக்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாடிகளில் மண்ணைவிட வேர்தான் அதிகம். பீற் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த அந்தக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் சாடியின் ஓரமாக வழிந்து அடித்துளையால் வெளியேறிவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் ஊற்றியதாகத் தோன்றும், செடிக்கோ ஒரு சொட்டும் கிடைத்திருக்காது. சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமில்லாமல் இருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வைத்து, குமிழிகள் வருவது நின்ற பின்னர் எடுத்து வடிய விடுங்கள். மேலிருந்து பூக்களின் மீது ஊற்றாதீர்கள், அழுகிவிடும்.

மூன்று செவ்வந்தி வேண்டாம், ஒன்று போதும். மற்ற இடத்தை வேறு செடிகளுக்குக் கொடுங்கள்.

இலையுதிர்காலச் சாடிக்கும் வசந்தகாலச் சாடிக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மே மாதத்தில் சிறு கன்றுகளை இடைவெளி விட்டு நடுகிறோம், யூலை மாதத்துக்குள் அவை பரந்து சாடியை மூடிவிடுகின்றன. இப்போதோ நிலைமை எதிர்மாறானது. செப்ரெம்பர் தொடக்கத்தில் இங்கே பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் அது 10 மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். வெளிச்சமும் சூடும் சேர்ந்து குறையும்போது செடி வளர்வதில்லை. நீங்கள் நடும் அன்று சாடி எப்படித் தோன்றுகிறதோ ஏறக்குறைய அப்படியேதான் கடைசி வரை இருக்கும். அதனால் பெரிய சாடியை எடுத்துக்கொண்டு அதை நிரப்ப முயன்றால் பணம் கரைந்துவிடும். பத்து அங்குலத்துக்கு மேற்படாத சிறு சாடிகளை எடுத்து, கன்றுகளின் தோள்கள் ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கமாக நடுங்கள். வசந்தத்தில் இப்படி நட்டால் நான் கண்டிப்பேன்; இந்தப் பருவத்துக்கு அதுதான் சரி. உரமும் தேவையில்லை.

கடைக்குச் செல்வதற்கு முன்னர் உங்கள் மரத்தளத்தைப் பாருங்கள். மிளகாய்ச் செடியில் பழம் சிவந்திருந்தால் அதை முன்படிக்குக் கொண்டு வாருங்கள். இதே பருவத்தில் கடைகளில் ‘அலங்கார மிளகாய்’ என்று தனியாக விலை போட்டு விற்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாகக் காய்த்து நிற்கும் உங்கள் செடி அதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. மரிகோல்ட்டில் வாடிய தலைகளைக் கிள்ளிவிட்டால் முதல் உறைபனி வரை அதுவும் பூக்கும். இந்த இரண்டும் உங்களுக்குச் செலவில்லாத செப்ரெம்பர் மாதத்தைத் தரும். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மிளகாயை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன்னர் இலைகளின் அடிப்பக்கத்தில் அழுக்கணவன் இருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள்.

இனி வாங்க வேண்டியவை. பான்சிதான் எனது முதல் தெரிவு. உறைபனி விழுந்த காலையில் அது வெந்த கீரையைப் போலத் தரையில் சாய்ந்து கிடக்கும். பதறிப் போய்ப் பிடுங்கிவிடாதீர்கள், வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். பெரிய பூவுடையதைவிடச் சிறிய பூவுடைய வயோலா வகை அதிகம் பூக்கும், மழையிலும் கிழியாது. ஆறு கன்றுகள் கொண்ட தட்டாக வாங்குவதே மலிவு. அடுத்தது அலங்காரக் கோவா. இப்போது பார்த்தால் மங்கிய பச்சையாக இருக்கும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கி இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னர்தான் அதன் நடுவில் ஊதாவும் வெள்ளையும் ஏறும். குளிர் கூடக் கூட நிறம் ஆழமாகும். பனி அதன் மீது படிந்து நிற்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த ஆண்டும் வாங்குவார்கள். அடியிலை உதிர்ந்து தண்டு தெரிந்தால் கழுத்து வரை ஆழமாக நடலாம்.

மூன்றாவதாக, பல்லாண்டுச் செடிகளின் கழிவு விலை மேசை. செப்ரெம்பர் பிற்பகுதியில் கன்றுக் கடைகள் தமது செடிகளைக் குளிர்காலத்துக்குள் கொண்டு செல்ல விரும்பாமல் பாதி விலைக்குத் தள்ளுவது வழக்கம். ஹியூக்கரா, சீடம், தைம், ஐவி ஆகியவை அங்கே கிடைக்கும். இலை சற்றுக் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சாடியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பாருங்கள், வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் வாங்குங்கள். ஊதா இலை ஹியூக்கரா ஒன்றைச் சுற்றி மூன்று மஞ்சள் வயோலாக்களை வைத்தால் ஒரு சாடி முடிந்தது. வசந்தத்தில் அந்த ஹியூக்கரா மீண்டும் துளிர்க்கும் என்பதால் அதற்குக் கொடுத்த பணம் இரண்டு பருவங்களுக்கு உழைக்கும்.

வாளியும்மண்ணும் எழுதியது, செப்ரெம்பர் 3

நாற்றுமேடை அக்கா செடிகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். மண்ணையும் சாடிகளையும் பற்றி நான் எழுதுகிறேன். மிசிசாகாவில் பதினொரு ஆண்டுகளாக வாளிகளில்தான் தோட்டம் செய்கிறேன்.

கோடை மண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தக்காளியைப் பிடுங்கியதும் தடித்த வேர்களை எடுத்துவிட்டு, கட்டிகளை உடைத்து, மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெரு கலந்தால் போதும். ரொறன்ரோ நகரசபை இலைக் கூட்டெருவை இலவசமாக வழங்கும் நாட்கள் உண்டு. கையில் ஒரு வாளியும் சவளும் எடுத்துச் சென்றால் போதும். ஆனால் உங்கள் தக்காளி அடியிலிருந்து மஞ்சளாவதாக எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் இலைகளில் வட்டம் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது இலைக்கருகல் நோயாக இருக்கலாம். அந்த மண்ணில் பான்சியும் கோவாவும் வளர்வதற்குத் தடையில்லை. அடுத்த ஆண்டு தக்காளி, மிளகாய், கத்தரி ஆகிய ஒரே குடும்பச் செடிகளுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். சாடியில் ஒரு குறி போட்டு வையுங்கள், குளிர்காலம் முடிவதற்குள் மறந்துவிடும்.

மண் போதாவிட்டால் தும்புச்சோற்றுக் கட்டி வாங்குங்கள். நமது ஊர்த் தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும் அதே பொருள்தான் செங்கல் வடிவில் அழுத்தப்பட்டு இங்கே வருகிறது; 650 கிராம் கட்டி ஒன்றை வெந்நீரில் ஊறவைத்தால் எட்டு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பொங்கும். தமிழ்க் கடைகளிலும் சில வேளைகளில் கிடைக்கிறது. உப்பு நீக்கிக் கழுவிய வகை என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பீற்றைப் போல் இது காய்ந்த பின்னர் தண்ணீரைத் தள்ளாது என்பது இதன் பெரிய நன்மை.

சாடியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நமது வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள்; எனது தந்தையாரும் அப்படித்தான் செய்தார். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மேலே உள்ள மண் முழுமையாக ஊறி நிறைந்த பின்னரே இறங்கத் தொடங்கும். ஆகவே கல்லின் உயரம் அளவுக்கு ஈரம் மேலே ஏறி வேருக்கு அருகில் நிற்கும். அடியில் துளைகள் இருந்தால் போதும், கல் வேண்டாம்.

சாடிகளுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். வெதுப்பகங்களிலும் உணவகங்களிலும் மாவும் ஊறுகாயும் வரும் 19 லீற்றர் வாளிகளைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அடியில் ஆறு துளைகள் போடுங்கள். வாளியின் தோற்றம் பிடிக்காவிட்டால் வெற்று அரிசிச் சாக்கினுள் அதை இறக்கி, சாக்கின் வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். யானைப் படமும் தாமரைப் படமும் போட்ட அந்தச் சாக்குகள் படியில் நிற்கும்போது, கடையில் வாங்கிய எந்தச் சாடியை விடவும் எனக்கு அவைதான் அழகாகத் தெரிகின்றன. செப்ரெம்பரில் வற்றல் போடுவதற்கும் தக்காளி அவிப்பதற்கும் நாம் பண்ணைகளில் வாங்கும் புஷல் கூடைகளும் இதற்கு மிகவும் பொருத்தமானவை. உட்புறத்தில் துளையிட்ட கறுப்புப் பையை விரித்து மண் போட்டால் ஒரு பருவம் தாங்கும்.

வாளி ஆழமாக இருக்கிறதே, அதை நிரப்ப மண் வேண்டுமே என்று கேட்பீர்கள். கன்றுகள் வந்த வெற்றுப் பிளாஸ்ரிக் சாடிகளைக் கவிழ்த்து அடியில் வைத்து, மேலே எட்டு அங்குலம் மட்டும் மண் போடுங்கள். கல்லைப் போன்றதுதானே இதுவும் என்று நினைக்கலாம். இதன் நோக்கம் வடிகால் இல்லை, மண்ணை மிச்சப்படுத்துவது மட்டுமே. எட்டு அங்குல மண் இருப்பதால் பான்சியின் வேர் ஈரமான பகுதியை எட்டாது. காற்றடிக்கும் இடமென்றால் கவிழ்த்த சாடிக்குள் ஒரு செங்கல் வையுங்கள்.

சுட்ட களிமண் சாடிகள் உங்களிடம் இருந்தால் அவற்றை ஒக்ரோபருடன் வெறுமையாக்கி உள்ளே எடுத்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். களிமண் சுவருக்குள் ஊறிய நீர் உறைந்து, உருகி, மீண்டும் உறையும்போது சாடி ஓடு ஓடாக உரிந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சட்டியை அப்படித்தான் இழந்தேன். இன்னும் மனதில் நிற்கிறது.

படிக்கட்டுத்தோட்டம் எழுதியது, செப்ரெம்பர் 4

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. மிளகாய்ச் செடி இன்று முன்படிக்கு வந்துவிட்டது. தபால்காரர் அதைப் பார்த்து இது உண்ணக்கூடியதா என்று கேட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. பின்புற மரத்தளத்தில் அழகுக்காக இல்லாமல் சமையலுக்கு எதையாவது இந்தப் பருவத்திலும் வளர்க்க முடியுமா? இரண்டாவது, அணில்கள். சென்ற ஆண்டு புதிதாக மண் போட்ட ஒவ்வொரு சாடியையும் அவை மறுநாளே தோண்டிவிட்டன. மருந்து அடிப்பதற்கு எனக்கு விருப்பமில்லை. மகளுக்கு மூன்று வயது, எதையும் தொட்டு வாயில் வைப்பாள்.

பன்னிரண்டாம்மாடி எழுதியது, செப்ரெம்பர் 4

சமையலுக்கான பதில் உங்கள் சமையலறை அலுமாரியில் இருக்கிறது. நான் வசிப்பது பன்னிரண்டாவது மாடியில். தெற்குப் பார்த்த சிறிய பல்கனியில் ஆண்டுதோறும் ஓகஸ்ற் இறுதியில் கொத்தமல்லி, வெந்தயம், கடுகு மூன்றையும் விதைக்கிறேன். மூன்றும் சமையலுக்கு வாங்கிய பையிலிருந்து எடுத்தவைதான். வறுக்காத, முழு விதையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பத்து விதைகளை ஈரக் காகிதத்தில் சுற்றி நான்கு ஐந்து நாட்கள் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கு மேல் முளைத்தால் அந்தப் பை நல்லது. கொத்தமல்லிக்கு மட்டும் இரண்டு வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

கொத்தமல்லியைக் கோடையில் விதைத்து அது இலை விடாமல் நேராகப் பூத்துவிட்டதாகக் குறைப்படுபவர்கள் பலர். சூட்டில் அது விரைந்து பூக்கும் இயல்புடையது. குளிர்ந்த இரவுகளில்தான் இலையாக அடர்ந்து நிற்கும். ஆகவே ஒன்ராறியோவில் கொத்தமல்லிக்கு உரிய காலம் இதுவே என்பேன். நாம் விதை என்று சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் உள்ளன. உள்ளங்கையால் பலகையில் மெதுவாக அழுத்தி உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நெருக்கமாகத் தூவுங்கள். மெல்லிய உறைபனியை அது தாங்கும். வெந்தயமும் கடுகும் மூன்று நாட்களிலிருந்து ஐந்து நாட்களுக்குள் முளைத்துவிடும். வெந்தயக்கீரையை நான்கு வாரங்களில் அறுக்கலாம். கடும் உறைபனி வெந்தயத்துக்கு ஆகாது என்பதால் அதைத்தான் முதலில் விதைத்து முதலில் அறுத்துவிட வேண்டும். கடுகுக்கீரையும், இங்கே ஸ்பினாச் என்று விற்கும் பசளியும் குளிரில் இனிக்கும்.

இவற்றுக்கு ஆறு அங்குல ஆழம் போதும். திராட்சையும் மாம்பழமும் வரும் ஆழமான பெட்டிகளில் துளையிட்ட பையை விரித்து விதைக்கலாம். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். இந்த மாதத்தில் ஒரு வாரம் தாமதித்தால் அறுவடை பல வாரங்கள் பின்னே போய்விடும், சில வேளை வராமலே போய்விடும். பொதுவாக ஒக்ரோபரில் முதல் உறைபனி வரும். அறிவிப்பு வந்த இரவு மட்டும் பழைய படுக்கை விரிப்பால் பெட்டிகளை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக் விரிப்பு இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும், துணிதான் நல்லது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: சாடிகளைக் கைபிடிக் கம்பிகளுக்கு வெளிப்புறத்தில் தொங்கவிடாதீர்கள். ஈர மண்ணின் பாரமும் நவம்பர்க் காற்றும் சேர்ந்தால் கீழே நடப்பவருக்கு ஆபத்து. கறிவேப்பிலைச் சாடி வைத்திருப்பவர்கள் மிளகாயோடு அதையும் உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதை இழந்தவர்களின் துயரம் எல்லோருக்கும் தெரியும்.

நாற்றுமேடை எழுதியது, செப்ரெம்பர் 5

தங்கையின் அணில் கேள்விக்கு வருகிறேன். குளிர்காலத்துக்கான கொட்டைகளைப் புதைக்கும் காலம் இது; புதிதாகக் கிளறிய மண் எங்கிருந்தாலும் அவை அங்கே வரும். மண்ணின் வெற்றிடத்தை மறைப்பதே சிறந்த வழி. செடிகளை நெருக்கமாக நடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சிய இடத்தில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வெட்டி மண்ணின் மீது படிய வைத்து, இடையில் செடிகள் வெளியே வரும்படி செய்யுங்கள். இரண்டு வாரங்களில் மண் இறுகியதும் அவற்றின் ஆர்வம் குறைந்துவிடும். மிளகாய்த்தூள் தூவச் சிலர் சொல்வார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

அணிலோடு சேர்ந்த இன்னொரு விடயம், கிழங்குப் பூக்கள். அதே சாடியில் பான்சிக்குக் கீழே நார்சிசஸ் கிழங்குகளைப் புதைத்து வைத்தால் வசந்தத்தில் ஒரு சதமும் செலவில்லாமல் மஞ்சள் பூக்கள் வரும். ரியூலிப்பையும் குரோகஸையும் அணில் தேடித் தின்னும்; நார்சிசஸ் கிழங்கில் நச்சு இருப்பதால் அதைத் தொடாது. அந்த நச்சு மனிதருக்கும் ஆகாது. தோற்றத்தில் வெங்காயம் போலவே இருக்கும் என்பதால், வாங்கி வந்ததும் குழந்தைக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். ஒக்ரோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் கடைகளில் எஞ்சிய கிழங்குகளின் விலை மிகவும் இறங்கும். மண் உறையாத வரை நடலாம். பத்து அங்குலச் சாடியில் ஐந்தாறு கிழங்குகளை, ஒன்றோடொன்று தொடாதபடி, ஆறு அங்குல ஆழத்தில் வையுங்கள். பூக்க வேண்டுமானால் அவற்றுக்கு 12 முதல் 16 வாரங்கள் குளிர் கட்டாயம் தேவை, அதை இந்த நாடு தாராளமாகவே கொடுக்கும். நிலத்தில் உள்ள வேரைவிடச் சாடியில் உள்ள வேர் அதிகம் குளிர்வதுதான் சிக்கல். எல்லாப் பக்கங்களிலிருந்தும் உறைகுளிர் உள்ளே புகும். சூடாக்காத கராஜ் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுச் சுவரோடு சாடிகளை ஒன்றாகக் கூட்டி வைத்து, சருகு நிரப்பிய பைகளால் சுற்றி மூடிவிடுங்கள். ஹியூக்கராவுக்கும் இதே ஏற்பாடு போதும். சாடியில் குளிர்காலம் கழிக்க வேண்டிய செடியை வாங்கும்போது, அதன் குளிர் வலய எண் (எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைக் காட்டும் எண்; எண் குறைந்தால் தாங்கும் குளிர் அதிகம்) உங்கள் ஊரின் எண்ணைவிட இரண்டு குறைந்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பூசணி வைக்க விரும்பினால், செதுக்கிய பூசணி சில நாட்களில் அழுகும். முழுப் பூசணி வாரக்கணக்கில் நிற்கும். நான் அலங்காரப் பூசணி வாங்குவதில்லை. கறிக்கு உகந்த பட்டர்நட் வகைகளையே படியில் அடுக்கி, உறைபனி வருவதற்கு முன்னர் உள்ளே எடுத்துச் சமைத்துவிடுவேன்.

படிக்கட்டுத்தோட்டம் எழுதியது, ஒக்ரோபர் 24

நீண்ட நாட்களுக்குப் பின்னர் எழுதுகிறேன், மன்னிக்கவும். நேற்றிரவு எங்கள் தெருவில் முதல் உறைபனி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தபோது பான்சிகள் எல்லாம் தரையோடு சாய்ந்து கிடந்தன. அக்கா முன்பே எழுதியிராவிட்டால் நான் அழுதிருப்பேன். பத்தரை மணிக்குப் பார்த்தபோது எழுந்து நின்றன.

கணக்கைச் சொல்கிறேன். மொட்டாக வாங்கிய ஒரு செவ்வந்தி, வயோலா இரண்டு தட்டுகள், அலங்காரக் கோவா மூன்று, கழிவு விலையில் ஹியூக்கரா இரண்டு, ஒரு தும்புச்சோற்றுக் கட்டி ஆகியவற்றுக்கு வரியோடு 53 டொலர் முடிந்தது. வாளிகளை எங்கள் தெருமுனை வெதுப்பகம் கொடுத்தது. செவ்வந்தி நவராத்திரி முழுவதும் பூத்து, தாங்ஸ்கிவிங் வரை நின்றது. மாமியார் அரிசிச் சாக்கைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். பின்னர் தனக்கும் இரண்டு வேண்டும் என்று கேட்டு எடுத்துச் சென்றார். வெந்தயக்கீரையை இரண்டு முறை அறுத்துவிட்டேன். கொத்தமல்லி இன்னும் நிற்கிறது. ஒரேயொரு தவறு: கடுகை மிகவும் நெருக்கமாக விதைத்துவிட்டு நேரத்துக்குக் கலைக்காததால் பாதி அழுகிவிட்டது.

மிச்சமிருக்கும் 7 டொலருக்கு அடுத்த வாரம் நார்சிசஸ் கிழங்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். செவ்வந்தியைச் சருகு மூட்டைகளுக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

நாற்றுமேடை எழுதியது, ஒக்ரோபர் 24

படித்து மிகவும் மகிழ்ந்தேன். செவ்வந்தியை முயன்று பார்க்கலாம்; ஆனால் பூவுக்காகவே வளர்த்த அந்தச் செடிக்குக் குளிர்காலத்தைத் தாங்கும் அளவுக்கு வேர் ஊன்ற நேரம் கிடைப்பதில்லை என்பதால் பெரும்பாலும் பிழைக்காது. நானென்றால் அதைக் கூட்டெருவுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சாடியிலேயே கிழங்குகளை நட்டு, மேலே சீடர் கிளைகளையும் சிவந்த டொக்வுட் குச்சிகளையும் ஆழமாகக் குத்தி வைப்பேன். மண் உறைந்ததும் அவை அசையாமல் நிற்கும், மார்ச் வரை பச்சை மாறாது. மண் இறுகுவதற்கு முன்னர் குத்திவிடுங்கள்; சாடிகளின் அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டுகளையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், அவற்றில் தேங்கும் நீர் உறைந்தால் சாடி தரையோடு ஒட்டிக்கொள்ளும்.